எரிக்கவா, உடுத்தவா?

"பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை வாங்குறதுங்கோ..."

மணிமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு அடிக்கடி வரும் குரல் இது. உங்கள் ஊரிலும் கேட்டிருப்பீர்கள். வாங்கிக்கொண்டு போய் யாருக்கு விற்கிறார்கள் என்று என்றைக்காவது யோசித்தீர்களா, தோழர்களே? பெரும்பாலும் யாருக்கும் இல்லை. எரிக்கிறார்கள்! சாம்பலிலிருந்து வெள்ளி எடுக்கத்தான். பழைய அசல் சரிகையில் பாதிக்கு மேல் வெள்ளி. தங்கம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பட்டும் நெசவும் அந்தக் கணக்கிலேயே வராது.

நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது என் அம்மாவின் கல்யாணப் புடவை அப்படித்தான் போனது. அரக்கு நிறம், பச்சைக் கரை. தாத்தா பசுவையும் கன்றையும் விற்றுக் காஞ்சிபுரத்தில் எடுத்தாராம். வந்தவர் சரிகையை உரைகல்லில் தேய்த்தார், எடை போட்டார், பணத்தை எண்ணி வைத்தார். "வெச்சிருந்து இன்னா பண்ணப் போறேன், நீ படி" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பணம்தான் என் கட்டணம். அதனால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதே மாதம், ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் என் அக்காவின் தோழிக்குக் கல்யாணம். அவர்கள் வீட்டில் வட்டிக்கு வாங்கிப் பட்டு எடுத்தார்கள். ஒருநாள் கட்டினாள். கடன் இன்னும் தீரவில்லை. ஒரு பஸ் தூரத்துக்குள் ஒரு பட்டு நெருப்புக்குப் போகிறது, இன்னொரு பட்டு வட்டியில் வருகிறது. இது என்ன கணக்கு?

நான் மெக்கானிக்கல் மாணவி. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் சேர்க்க மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கைகொடுக்க வேண்டும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. ஓடுகிற மோட்டாரை உள்ளே இருக்கும் செம்புக்காக உடைத்தால் நம் லேபில் சும்மா விடுவார்களா?

"அப்போ இல்லாதவங்களுக்குக் கொடுத்துடலாமே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டில் கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஒன்பதாவதில் பள்ளிக்குப் போனேன். "ஏய், இது என்னோடதுதானே?" என்று அந்த வீட்டுப் பெண் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை, சும்மாதான் கேட்டாள். அதன் பிறகு அதை நான் தொடவில்லை. நம்மில் பலருக்கு இப்படி ஒரு சட்டையாவது இருக்கும். அடுத்தவர் கட்டியதைக் கட்டமாட்டேன் என்பவளைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன்.

ஆனால் கேரளத்தில் இதற்கு ஒருவர் வழி கண்டிருக்கிறார். மலப்புறம் மாவட்டம் தூதா கிராமத்து நாசர், டாக்சி ஓட்டுபவர். 2020-இல் தன் வீட்டிலேயே 'டிரெஸ் பேங்க்' தொடங்கினார். ஒருமுறை கட்டிவிட்டுப் பெட்டியில் கிடக்கும் கல்யாண உடைகளைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து மாட்டிவைக்கிறார். கல்யாணப் பெண் வந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. எனக்குப் பிடித்தது இலவசம் என்பதல்ல. அவளே தேர்ந்தெடுக்கிறாள் என்பது! எனக்கு அந்தச் சுடிதாரை யாரும் காட்டி, "புடிச்சிருக்கா?" என்று கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பள்ளி இறுதியில் நடன விருந்துக்கு நீண்ட கவுன் வேண்டும், விலை அதிகம். ஃபுளோரிடாவில் ரெபெக்கா கிர்ட்மன் என்ற பள்ளி மாணவி, போட்டு முடித்த கவுன்களைச் சேகரித்து வசதியில்லாத பெண்களுக்குக் கொடுத்தாள். 2003-இல் கார் விபத்தில், பதினாறு வயதில், இறந்துபோனாள். அவள் பெயரில் 'பெக்காஸ் க்ளாசட்' என்ற அமைப்பு அந்த வேலையைத் தொடர்ந்தது. நம்மைவிடச் சின்னவள்!

நம் மாணவர் பேரவை அறையில் ஒரு பீரோ சும்மாதான் நிற்கிறது (உள்ளே கிழிந்த வாலிபால் நெட் தவிர ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன்). அதில் பட்டு வைப்போம். கல்லூரி விழாவுக்கு, அக்கா கல்யாணத்துக்கு, யாருக்கு வேண்டுமோ வந்து எடுக்கட்டும். கொடுத்தவர் பெயர் எடுப்பவருக்குத் தெரியக் கூடாது, எடுத்தவர் பெயர் கொடுத்தவருக்குத் தெரியக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைத்தால் போதும். மடிப்பிலேயே விட்டுப்போனதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கலாம்.

அம்மாவிடம் சொன்னேன். பெட்டியைத் திறந்து வளைகாப்புப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளிடம் மிச்சம் இருக்கும் ஒரே பட்டு. "எடுத்துட்டுப் போ. ஆனா எந்தப் பொண்ணு கட்டினாலும் ஒரே ஒருவாட்டி நான் பாக்கணும்டி" என்றாள்.

என் விதியில் அதற்கு இடமில்லை. அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.