‘அப்படி ஒருத்தியும் இல்லை’ என்போருக்கு

மன்னார்ப் பெருநிலத்திலே, கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் ஊர்களில் ஒன்று அடம்பன். 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அப்பகுதியில் நடந்த மோதலிலேதான் விடுதலைப் புலிகளின் பெண் போராளிகள் முதன்முதலாகக் களத்தில் நின்றார்கள் என்பது அவ்வியக்கத்தாரே எழுதி வைத்த வரலாறு. அதற்கு ஏழாண்டுகள் முன்னதாக, 1979 செப்டெம்பரில், கொழும்பு அரசும் தன் இராணுவத்திலே மகளிர் படையணி ஒன்றை அமைத்திருந்தது. ஆக, இந்நாட்டிலே இரண்டு கொடிகளின் கீழும் பெண்கள் சீருடை தரித்து ஒரு தலைமுறைக்கும் மேலாகிவிட்டது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பெற்றோர் வீட்டையும் பேசி வைத்த மாப்பிள்ளையையும் விட்டுப் புறப்பட்டுப் போய், பெண்களோடு உண்டு, பெண்களோடு உறங்கி, பெண்களோடு காவல் நின்று வாழ்ந்தார்கள். பலர் அங்கேயே மாண்டும் போனார்கள்.

இத்தனை ஆயிரம் பேரிலே பெண்ணைக் காதலித்த பெண் ஒருத்திகூட இல்லை என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்!

சொல்வோர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சிங்களத் தேசபக்தர், இது மேல்நாட்டு இறக்குமதி என்கிறார். தமிழ்த் தேசபக்தர், இவ்வாறு கேட்பதே மாவீரர்க்கு இழுக்கு என்கிறார். மதத்தலைவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சிவராத்திரியின்போது திருக்கேதீச்சரத்து வீதியில் ஓர் அலங்கார வளைவுக்காக மோதிக்கொண்ட இரு மதத்தாரும் இவ்வொரு விஷயத்தில் மட்டும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். நம்முடைய முற்போக்கு நண்பரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, “முதலில் வர்க்கப் பிரச்சினை தீரட்டும், தோழர்” என்கிறார்.

தோழமையைக் காதலென்று திரிப்பது நம் நோக்கமன்று. பதுங்கு குழியில் ஒருத்தியின் கையை மற்றவள் பற்றியதெல்லாம் காதல் என்று சொல்ல நாம் பைத்தியக்காரரல்லர். நாம் கேட்பது வேறு. எந்த ஊரிலும் எந்த வகுப்பிலும் உள்ள மனித இயல்பு ஒன்று, சீருடை அணிந்தவுடன் மட்டும் மறைந்துவிடுமா? மறையாதெனில், அதைப் பற்றி ஒரு குரலும் எழாதிருப்பது எதனால்?

குரல் எழுந்தால் சிறை உண்டு என்பதனால்.

1883ஆம் ஆண்டு வெள்ளையன் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்ற இரு பிரிவுகள் உள்ளன. பின்னது ‘பாரதூரமான ஆபாசச் செயலை’த் தண்டிப்பது. நெடுங்காலம் அது ஆண்களுக்கு எதிரான சட்டமாகவே இருந்தது. இங்கிலாந்திலே 1921ஆம் ஆண்டு பெண்களுக்கும் அதை விரிக்க முயன்றார்கள். மக்கள் சபை இசைந்தது. பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. இரக்கத்தினால் அன்று! அப்படியொன்று உலகில் உண்டு என்பதைச் சட்டமே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடும் என்ற அச்சத்தினால். எனவே பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவு அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஒருபோதும் குற்றமாகவில்லை. வெள்ளைப் பிரபு செய்யத் துணியாததை 1995ஆம் ஆண்டு சுதந்திர இலங்கை செய்து முடித்தது. 365அ பிரிவிலே ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று ஒரு சொல்லைப் புகுத்தினார்கள். பால் சமத்துவமாம்! ஆணுக்குச் சிறை உண்டென்றால் பெண்ணுக்கும் இருக்க வேண்டாமா என்ற நியாயம். தண்டனை இரண்டாண்டு வரை.

அதே திருத்தச் சட்டந்தான் வன்புணர்வு பற்றிய பிரிவையும் புதுக்கி எழுதியது. அங்கே, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தால் அது வன்புணர்வு ஆகாது என்பதை மட்டும் கவனமாகக் காப்பாற்றிக்கொண்டார்கள். மனமொப்பிய இரு பெண்களுக்குச் சிறை. மனமொப்பாத மனைவியிடம் வன்முறை காட்டும் கணவனுக்கு வீடு. இச்சட்டம் நிறைவேறிய காலத்து ஆட்சியில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாய் அமர்ந்திருந்தன என்பதை நம் நண்பர்களுக்கு நினைவூட்டுவது நமக்கு இன்பம் தருவதன்று. ஆயினும் நினைவூட்டத்தான் வேண்டும்.

இச்சட்டம் படைமுகாமுக்குள் நுழைந்தால் என்ன செய்யும்? நம் நாட்டு முகாம்களின் கதவு நமக்குத் திறப்பதில்லை. திறந்துகொண்ட நாடுகளின் பதிவேடுகள் உள்ளன, அவற்றைப் புரட்டுவோம்.

அமெரிக்க இராணுவத்தில் 1993ஆம் ஆண்டு ‘கேளாதே, சொல்லாதே’ என்றொரு விதி செய்தார்கள். 2011 செப்டெம்பரில் அது ஒழியும்வரை 13,000க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். படையில் பெண்களின் தொகை சிறிது. வெளியேற்றப்பட்டோரில் அவர்களின் பங்கோ அதனினும் மிகப் பெரிது. ஏன்? இங்கேதான் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மேலதிகாரி ஒருவன் கீழுள்ள பெண்ணை அணுகுகிறான். அவள் மறுக்கிறாள். மறுநாள் அவளைப் பற்றி ஒரு வதந்தி பிறக்கிறது: “இவள் ஆணை மறுக்கிறாள் என்றால் இவள் எப்படிப்பட்டவள்?” அவள் முறையிடப் போனால் விசாரணை அவன்மேல் திரும்பாது, அவள்மேலேயே திரும்பும். அவள் உண்மையில் பெண்ணை விரும்பியவளா, இல்லையா என்பது இங்கே பொருட்டே அன்று. பணிய மறுக்கும் எந்தப் பெண்ணுக்கும் எதிராக ஆணின் கையில் கொடுக்கப்பட்ட தடி அது. தன்பாலீர்ப்புடைய பெண்ணுக்கு எதிரான விதி ஒரு சிறு கூட்டத்தாரின் தனிக்கவலை என்று எண்ணும் தோழர்கள், முகாமிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் முதுகிலும் அத்தடி விழக் காண்பார்கள்.

வியட்நாம் போரில் தாதியாகக் கடமையாற்றிக் கேணல் பதவிவரை உயர்ந்த மார்கரெத் கம்மர்மெயர் 1989இல் அதிகாரிகள் கேட்ட கேள்விக்கு ஒளிக்காமல் விடை சொன்னார். 1992இல் அவரை நீக்கினார்கள். 1994இல் நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. அவர் கேணல், பெயர் உண்டு, வழக்காடத் தெம்பு உண்டு. சாதாரணச் சிப்பாய்ப் பெண்ணுக்கு எது உண்டு?

பிரித்தானியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. நம்முடைய இராணுவத்து மகளிர் படையணி பிரித்தானிய இராணுவத்து மகளிர் படையின் உதவியோடு அமைக்கப்பட்டதே. நாட்டுச் சட்டத்தில் குற்றமல்லாத ஒன்று அங்கே சீருடைக்குள் மட்டும் குற்றமாயிருந்தது. பெண்களின் அறைகளைச் சோதித்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். யாரோடு எப்போது உறங்கினாய் என்று மணிக்கணக்கில் துருவினார்கள். விமானப்படைத் தாதியான ஜெனற் ஸ்மித் மற்றவர்களோடு சேர்ந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றார். 1999 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. 2000 ஜனவரியில் தடை நீங்கியது. 2023 ஜூலையில் பிரதமரே பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசெம்பரில், பாதிக்கப்பட்டோருக்கு 70,000 பவுண்வரை இழப்பீடு என்று அரசு அறிவித்தது. எசமானன் தவறை ஒப்புக்கொண்டு பணமும் கட்டுகிறான். அவன் விட்டுச் சென்ற சட்டத்தை நாம் குலச்சொத்தாகக் கட்டிக் காக்கிறோம்! இதுதான் மேல்நாட்டு இறக்குமதியை எதிர்க்கும் இலட்சணமா?

தலைமன்னாரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தனுஷ்கோடி. அக்கரையிலே 2018 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியை வயது வந்தோரின் மனமொப்பிய உறவிலிருந்து அகற்றியது. நான்கு மாதங்களே கழிந்தன. 2019 ஜனவரியில் இராணுவத் தளபதி பிபின் ராவத், தமது இராணுவத்தில் இதை அனுமதிக்க முடியாது என்றார். ‘இயற்கைக்கு மாறான’ நடத்தையைத் தண்டிக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு கைவசம் இருக்கிறதல்லவா!

இயற்கைக்கு மாறானது எது என்பதை மன்னார் மக்களிடம் கேட்டுப் பார்க்கலாம். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்நகரிலே பொலிஸாரும் கடற்படையினரும் பிடித்துச் சென்ற இரு தமிழ்ப் பெண்கள், தடுப்பில் வன்புணர்வுக்கும் சித்திரவதைக்கும் ஆளாக்கப்பட்டதாக முறையிட்டார்கள். வழக்கு இம்மாவட்டத்துக்கு வெளியே மாற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு கொழும்பிலே நடந்ததையும் இதனருகில் வைத்துப் பாருங்கள். தன்பாலீர்ப்புடைய பெண்கள் கூட்டும் மாநாட்டுக்குள் வன்புணர்வுக் குற்றவாளிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆங்கில நாளேட்டில் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அதற்கெதிரான முறைப்பாட்டைப் பத்திரிகைப் பேரவை 2000ஆம் ஆண்டில் தள்ளுபடி செய்தது. பெண்–பெண் உறவே குரூரமானது, சட்டவிரோதமானது என்று காரணம் சொன்னது. முறையிட்டவரிடமே செலவுத்தொகையும் அறவிட்டது. பலாத்காரத்தை மருந்தாகப் பரிந்துரைப்பவன் நல்ல குடிமகன். எதிர்த்தவன் தண்டம் கட்ட வேண்டியவன். இந்த மனப்பான்மை பேரவை மண்டபத்தில் ஒரு முகமும் தடுப்பு அறையில் இன்னொரு முகமும் காட்டுகிறது.

இனி, நம் தோழர்களின் மெய்யான கேள்விக்கு வருவோம். “முள்ளிக்குளத்து மக்களை 2007இல் வெளியேற்றி, அவர்கள் ஊரிலே கடற்படைத் தளம் அமைத்தார்கள். 2017இல் அம்மக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிலிருந்து போராடித்தான் நிலத்தில் ஒரு பகுதியை விடுவிப்பதாக வாக்குப் பெற்றார்கள். அப்படிப்பட்ட படையினுள்ளே இருக்கும் ஒருத்திக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்? படையே வேண்டாம் என்பவன் படைக்குள் உரிமை கேட்கலாமா?”

இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். முள்ளிக்குளத்து நிலம் முள்ளிக்குளத்தாருக்கே; அதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் படையில் சேரும் பெண் யார்? நிலப்பிரபுவின் மகளா, வங்கி முதலாளியின் மகளா? வயலும் இல்லாமல் ஆடைத்தொழிற்சாலைக்கும் போக மனமில்லாமல் சம்பளம் தேடி வந்த தென்னிலங்கைக் கிராமத்துப் பெண். 2012 நவம்பரில் கிளிநொச்சியிலே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்களையும் இராணுவத்தில் சேர்த்தார்களே, போர் முடிந்து மூன்றாண்டுகளில் அவர்களை அவ்வாசலுக்குக் கொண்டுவந்தது எது? வறுமையன்றி வேறென்ன? தொழிற்சாலைக்குள் இருக்கும் தொழிலாளிக்காக வாதாடுகிறவன் முதலாளியின் இலாபத்துக்காக வாதாடுகிறான் என்று நாம் சொல்வதில்லையே. மேலும், தன் முகாமிலுள்ள பெண்ணை வாய் திறக்கவொட்டாமல் அடக்கும் அதே அதிகாரந்தான் வேலிக்கு வெளியே வந்து ஊர்ப் பெண்ணின் எதிரே நிற்கிறது. அங்கே அதைப் பலவீனப்படுத்துவது இங்கே நமக்கு நட்டமா?

நம்மவர் பக்கத்துக் கணக்கையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். புலிகள் இயக்கத்திலே காதலும் கல்யாணமும் தலைமையின் அனுமதிக்கு உட்பட்டவை. பெண்ணுக்குத் துப்பாக்கி கொடுத்த இயக்கம், அவள் மனத்தின் திறவுகோலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 2009 மே மாதம் அவ்வியக்கம் அழிந்தது. வென்ற அரசு என்ன செய்தது? 2010 ஜூனில் வவுனியாவிலே, தடுப்பிலிருந்த முன்னாள் போராளிகள் 53 ஜோடிகளுக்குப் பெருவிழாவாகத் திருமணம் செய்து வைத்தது. பம்பாய் நடிகர் ஒருவரும் வந்திருந்தார். அவர்களில் மனமொப்பி மணந்தவர்கள் நன்றாக வாழட்டும்; அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘புனர்வாழ்வு’ என்ற சொல்லுக்கு அரசு காட்டிய படம் தாலியும் கூறைச்சேலையுமாக இருந்ததைக் கவனியுங்கள். கணவனை விரும்பாத முன்னாள் போராளிக்கு அப்படத்தில் இடமில்லை. பொலிஸுக்கும் புலனாய்வுக்கும் அஞ்சி வாழ்பவள் அவள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று ஊர் கேட்கும் கேள்விக்கும் அவளே விடை தேட வேண்டும். உண்மை விடை 365அ.

ரொசானா பிளேமர் கல்தேரா என்ற பெண்மணி இதற்கெதிராக ஐ.நா. சபையின் பெண்கள் உரிமைக் குழுவிடம் முறையிட்டு, 2022இல் இலங்கை தம் உரிமைகளை மீறியுள்ளது என்ற முடிவைப் பெற்றார். 2023 மே மாதம், இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் கூறியது. நம் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை அடிப்படை உரிமைகளின் கைக்கு எட்டாமல் காப்பதால், பாராளுமன்றம் திருத்தினாலன்றி வழியில்லை. பாராளுமன்றமோ 2024 செப்டெம்பரில் கலைந்தது; சட்டமூலமும் அதனோடு காலாவதியாயிற்று.

அது மறுபடியும் சபைக்கு வந்தாக வேண்டும். வரும்போது வன்னித் தேர்தல் மாவட்டத்து உறுப்பினர்கள் எந்தப் பக்கம் வாக்களிப்பார்கள், அல்லது தேநீர் அருந்தப் போய்விடுவார்களா என்பதை, அடம்பனுக்கோ பேசாலைக்கோ அவர்கள் கூட்டத்துக்கு வரும் நாளில் எழுந்து நின்று கேட்க ஓர் ஆசிரியரேனும் இருக்கிறாரா?