விதியா? வீணாக்கிய நாளா?

தல்லாகுளத்திலே காசநோயால் ஒருவர் மாண்டால், துக்கம் கேட்க வருவோர் தவறாது உதிர்க்கும் சொல் ஒன்றுண்டு: ‘விதி முடிந்தது!’ விதியாம்! எழுதியவன் யார்? எந்த ஏட்டில் எழுதினான்? கேட்டால் விடையில்லை, வெகுளிதான் உண்டு.

1882-இல் இராபர்ட் காக் கண்டு காட்டியது விதியை அல்ல, கிருமியை! 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம், ஏழை நோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து தந்து சோதித்தது. சானடோரியத்துக்கு ஈடான பயன் வீட்டிலும் கிட்டும் என்ற முடிவை 1959-இல் உலகறியச் செய்தது. உலகம் சென்னையிடம் பாடம் கேட்டது. நாமோ சோதிடரிடம் நாள் கேட்கிறோம்!

அனைவர்க்கும் வீடு போதுமா? போதாது. நோய் முற்றியவரைப் பிரித்தறிய வேண்டும். அதற்கே 2022-இல் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கிற்று. நோய் உறுதியானதும் ஐந்து கேள்விகள்: உயரத்துக்கேற்ற எடை உண்டா? கால் வீங்கியுள்ளதா? மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா? இரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழா? துணையின்றி நிற்க முடிகிறதா? ஆபத்து தெரிந்தால் உடனே மருத்துவமனைப் படுக்கை!

தொடக்க வாரங்களே உயிருக்குக் கண்டம். அந்தக் கண்டம் சாதகக் கட்டத்தில் இல்லை. மூச்சின் எண்ணிக்கையில் இருக்கிறது! தாயத்துக்குத் தொலைத்த வாரங்களை மீட்டுத்தரும் மருந்து எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. வற்றிய வயிற்றுக்குச் சோறும் பருப்பும் தராத சமுதாயம், விதியைப் பழிப்பது வெட்கக்கேடு!

இரண்டு வாரமாய் இருமலா, தோழரே? கோரிப்பாளையத்து அரசு மருத்துவமனைக்கு நடவுங்கள். கோள் பார்க்க நில்லாதீர்கள்!