கடைக்குள் ஒரு கடல்: தொட்டியின் விலையை மட்டும் கேட்காதீர்கள்

கடந்த சில மாதங்களுக்குள் நம் பகுதி வர்த்தகர்கள் மூவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு விட்டார்கள். "காட்சியறையின் முன்பக்கத்தில் ஒரு கடல் நீர் மீன் தொட்டி வைத்தால் எப்படி இருக்கும்?" என்பதே அந்தக் கேள்வி. மூவரும் வளைகுடாவில் உழைத்து விட்டு வந்தவர்கள். டுபாய் மோலுக்குள் ஒரு கோடி லீற்றர் நீரில் சுறாக்கள் நீந்துவதைப் பார்த்தவர்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இரவு பகலாக நிற்கும் ஊழியர் பட்டாளத்தை மட்டும் பார்க்காமல் வந்து விட்டார்கள்.

தங்கமீன் தொட்டியை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. கடல் நீர்த் தொட்டியிலும் இரண்டு வகை உண்டு. மீன் மட்டும் வளர்ப்பது ஒன்று. உயிருள்ள முருகைக்கற்களையும் சேர்த்து வளர்ப்பது மற்றொன்று. படங்களில் பார்த்து நாம் மயங்குவது பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான். செலவும் தொல்லையும் சட்டச் சிக்கலும் அங்கேதான் இருக்கின்றன.

என் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். நம்மூரில் புடைவைக் கடை வைத்திருப்பவர். 400 லீற்றர் தொட்டியொன்றைக் கடையில் வைத்திருந்தார். பிள்ளைகளோடு வரும் தாய்மார் தொட்டியடியில் பிள்ளைகளை விட்டு விட்டு ஆறுதலாகப் புடைவை பார்ப்பார்கள். வியாபாரத்துக்கு அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது அனைவருக்கும் நினைவிருக்கும். ரமழான் பிறக்க மூன்று நான்கு நாட்களே இருந்தன. கடை நிறையப் பெருநாள் சரக்கு. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. டீசலுக்கு வரிசையில் நின்றவர் திரும்பி வந்தபோது தொட்டி நீர் வெண்மையாகக் கலங்கிப் போயிருந்தது. மறுநாள் காலையில் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

நடந்தது இதுதான். பம்பு நின்றதும் நீரோட்டம் நின்று விடுகிறது. ஒட்சிசன் குறைகிறது. முதலில் பெரிய மீன் சாகிறது. அது அழுகி அமோனியாவைக் கக்க, அந்த நஞ்சில் மற்றவை சாகின்றன. பெட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று இருந்திருந்தால் பெரும்பாலான மீன்கள் தப்பியிருக்கும். தொட்டியை விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதுதான் நண்பரின் மனக்குறை.

இனி கணக்குக்கு வருவோம். 400 லீற்றர் முருகைக்கல் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 150 வாற்று விளக்கு தினமும் ஒன்பது மணித்தியாலம் எரிய வேண்டும். 50 வாற்று பிரதான பம்பு இருபத்து நான்கு மணித்தியாலமும் ஓடும். அலை எழுப்பும் சிறு பம்புகளுக்கும், நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் ஆளுக்கு 30 வாற்று, அவையும் நிற்காமல் ஓடும். நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் 300 வாற்று, நம் வெயிலுக்குப் பத்து மணித்தியாலமாவது ஓடும். கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 அலகு, மாதத்துக்கு 210 அலகு. வீட்டுப் பாவனைக்கு 180 அலகைத் தாண்டினால் மின்கட்டணம் ஆக உயர்ந்த படிக்குப் போகிறது. அதாவது தொட்டி மட்டுமே உங்கள் வீட்டை அந்தப் படிக்கு ஏற்றி விடும். வீட்டின் மற்றப் பாவனை அதற்கு மேல்தான்.

உப்பு அடுத்தது. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தொட்டியை முதற் தடவை நிரப்ப 14 கிலோ வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் வருடத்துக்கு 70 கிலோவுக்கு மேல் போகும். இது கடையில் விற்கும் சமையல் உப்பல்ல. கல்சியம், மக்னீசியம் எல்லாம் அளவாகச் சேர்த்த இறக்குமதிச் சரக்கு. டொலர் ஏறினால் இதுவும் ஏறும்.

"கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது உப்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் கரைவலை இழுக்கும் இடத்தில் வாளியால் அள்ளும் நீர் தொட்டிக்கு உதவாது. அதில் மணலும் கழிவும் கலந்திருக்கும். மாரியில் முகத்துவாரங்கள் வெட்டப்பட்டு வெள்ளம் கடலில் பாயும் காலத்தில் உப்பின் அளவே குறைந்து விடும். தோணியில் தூரமாகப் போய், தெளிந்த காலத்தில் எடுத்து, வடித்து, இருட்டில் இரண்டு வாரம் வைத்துப் பாவிக்கலாம். தோணிக் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வரண்ட சூட்டில் தொட்டியிலிருந்து தினமும் ஐந்து லீற்றர் நீர் ஆவியாகலாம். நீர்தான் போகும், உப்பு போகாது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 35 கிராம் இருந்த உப்பு 38 கிராமைத் தாண்டி விடும். குறைந்த நீருக்குப் பதிலாக உப்பில்லாத சுத்த நீரைத்தான் விட வேண்டும். பலர் உப்பு நீரையே விட்டு மீனைக் கொல்கிறார்கள். கடற்கரையை அண்டிய கிணற்று நீரும் சரிவராது. ஆர்.ஓ. நீர்தான் வேண்டும்.

பாரத்தையும் மறக்க வேண்டாம். நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து அரைத் தொன்னுக்கு மேல். மேல்மாடிக் காட்சியறையில் வைக்க முன் கட்டடம் கட்டிய மேசனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொறுமை இல்லாதவருக்கும் இது சரிவராது. தொட்டியை நிரப்பிய அன்றே மீன் விடக்கூடாது. மீன் கழிவின் அமோனியாவை ஒரு வகை பக்டீரியா நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. இந்த பக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். திறப்பு விழாவுக்கு முதல் நாள் தொட்டி வாங்குபவர் முதல் மாதமே மீன்களைப் பறிகொடுப்பது இதனால்தான்.

இப்போது முருகைக்கல் விடயம். பாசிக்குடாப் பக்கம் யாராவது நாலு கல் எடுத்துத் தருவார்கள் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தில் முருகைக்கல் தோண்டுவது மட்டுமல்ல, சேகரிப்பது, வைத்திருப்பது, கொண்டு செல்வது எல்லாமே குற்றமாக்கப்பட்டன. தெற்கில் சுண்ணாம்புச் சூளைகளுக்காகக் கல் வெட்டிக் கரையைக் கடலுக்குக் கொடுத்த அனுபவம்தான் அந்தச் சட்டத்துக்குக் காரணம். பாசிக்குடாக் கற்கள் 1998 இல் கடல் சூடேறி வெளுத்து அழிந்ததையும் நினைவிற் கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றாலும் கல்முருகை வகைகள் யாவும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிப் பத்திரமின்றி நகர்த்த முடியாது. இந்தோனேசியா 2018 இல் முருகைக்கல் ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியபோது உலகெங்கும் இந்தக் கடைகள் தடுமாறின. வழங்குபவர் கதவைச் சாத்தினால் நின்று போகும் வியாபாரம் இது.

மீனும் வானத்திலிருந்து விழுவதில்லை. நம் நாட்டு அலங்காரக் கடல் மீன்களில் பெரும்பகுதி சுழியோடிகள் பாறைகளுக்கிடையே கைவலையால் பிடிப்பவை. கச்சான் காலத்தில் தென்மேற்குக் கடல் கொந்தளிக்க, அந்தச் சுழியோடிகள் அமைதியான நம் கிழக்குக் கரைக்கு வருவார்கள். வாடைக் காலத்தில் திரும்பிப் போவார்கள். முருகைக்கல் மீது வலையைப் போர்த்திக் கல்லை உடைத்துப் பிடிக்கும் மொக்சி வலை 1996 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் தடைசெய்யப்பட்டது. ஆழத்தில் அதிக நேரம் நின்று, மூட்டு முடங்கிப் போகும் ஆபத்தோடுதான் அவர்கள் தொழில் செய்கிறார்கள். அப்படிப் பிடித்த மீன் நம் கடையில் மின்வெட்டில் சாவது எனக்கு மனவருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே தொட்டி விற்கும் சகோதரர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். மாத மின்செலவையும் உப்புச் செலவையும் எழுதிக் கொடுத்து விற்க உங்களால் முடியுமா? பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நம் கடை வாசலில் புதிதாகப் படிக்க வேண்டிய பாடமல்ல. சொன்னால் வாடிக்கையாளர் ஓடி விடுவார் என்கிறீர்கள். ஓடுபவர் ஓடட்டும். நிற்பவரிடம் பராமரிப்பை விற்கலாம். வாரம் ஒரு முறை பையனொருவன் போய் நீர் மாற்றி, உப்பளந்து, கண்ணாடி துடைத்து வருவதற்கு மாதக் கட்டணம் வாங்குங்கள். கண்ணாடியை ஒருவருக்கு ஒரு தடவைதான் விற்க முடியும். பராமரிப்புக் கட்டணம் மாதந்தோறும் வரும்.

இதை விடப் பெரிய வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. கோமாளி மீன் என்கிறார்களே, 'நீமோ' படத்தில் வந்த செம்மஞ்சள் மீன், அதைக் கடலில் பிடிக்கவே தேவையில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் 1970களின் தொடக்கத்திலேயே தொட்டியில் பொரிக்க வைத்து விற்றார். நமக்கு அக்கரையில் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். இலட்சத்தீவின் அகத்தித் தீவில், நம்மைப் போன்ற முஸ்லிம் மீனவ ஊரில், இந்திய அரசின் மீன் மரபுவள நிறுவனம் பெண்கள் குழுக்களுக்கு அலங்கார இறாலும் கோமாளி மீனும் வளர்க்கக் கற்றுக் கொடுத்தது. தொட்டியில் பிறந்த மீன் உலர் தீனி தின்னும், கடலில் பிடித்த மீனை விட அதிகம் தாக்குப்பிடிக்கும். கஷ்டம் குஞ்சுப் பருவத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத ரொட்டிபர் உயிரியை வளர்த்து உணவாகக் கொடுக்க வேண்டும், ரொட்டிபருக்குப் பாசி வளர்க்க வேண்டும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாலு வர்த்தகர்கள் சேர்ந்து போய் உயிரியல் விரிவுரையாளர்களைச் சந்தித்துக் கேட்டால் என்ன குறைந்து விடும்? நம் சங்கங்கள் ஹோட்டலில் நடத்தும் கூட்டங்களில் ஒன்றை இதற்காக ஒதுக்கலாம்.

புடைவைக் கடை நண்பர் மீண்டும் தொடங்கியிருக்கிறார். இம்முறை 200 லீற்றர் தொட்டி, சீமெந்தில் வார்த்த கற்கள், உயிர் முருகைக்கல் எதுவுமில்லை. குளிர் இயந்திரத்துக்குப் பதில் ஒரு மின்விசிறி. பக்கத்தில் பெட்டரிப் பம்பு. கொழும்பிலிருந்து எடுத்த, தொட்டியில் பிறந்த இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். போன வாரம் போயிருந்தேன். மண்சட்டித் துண்டொன்றில் முட்டையிட்டிருந்தன. ஆண் மீன் காவல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. நண்பர் காசுப் பெட்டியை மகனிடம் விட்டு விட்டு, ரொட்டிபர் எங்கே எடுக்கலாம் என்று தொலைபேசியில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்.