மாமாவை நீக்கிய மருமகன்

மஞ்சள் தலைமுடியும் பெரிய மீசையுமாகக் கத்திக்கொண்டு ஓடுகிற ஒரு வீரனை உங்கள் பிள்ளையின் போனில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். விளையாட்டின் பெயர் கிளாஷ் ஒஃப் கிளான்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருக்கிற சுப்பர்செல் என்ற நிறுவனம் 2012 ஓகஸ்ட்டில் ஐபோனுக்காக வெளியிட்டது. அடுத்த வருடம் அன்ட்ரொயிட்டுக்கும் வந்தது. இத்தனை வருடம் போயும் பெடியள் அதை விடவில்லை. பெடியள் என்று சொல்லி நான் தப்பவும் ஏலாது. எனக்கு முப்பத்தேழு வயது, இந்த விளையாட்டில் இருபத்துமூன்று பேர் கொண்ட ஒரு கிளானுக்கு நான்தான் தலைவர்.

இருபத்துமூன்று பேரும் சொந்தக்காரர், இல்லாவிட்டால் சொந்தக்காரரின் சிநேகிதர். பியர்ஃபித்திலும் சுற்றுவட்டத்திலும் ஒன்பது பேர், லண்டனில் நாலு, ஸ்காபரோவில் ஐந்து, யாழ்ப்பாணத்தில் ஐந்து. கிளானுக்கு எங்கள் ஊரின் பெயர். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். ஏற்கெனவே பரிசில் அந்த ஊருக்கு இரண்டு சங்கம் இருக்கிறது, மூன்றாவது வேறையா என்று கேட்பீர்கள். 2020 மார்ச் 17ஆம் திகதி பிரான்ஸ் முழுக்கப் பூட்டினபோது, அக்காவின் பிள்ளையள் வீட்டுக்குள் கிடந்து அடிபடுகிறார்கள் என்பதற்காகத் தொடங்கினது. மே மாதம் திறந்த பிறகும் நிற்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர். அதை மெல்ல மெல்லக் கட்டி எழுப்ப வேண்டும். தனியாகவும் விளையாடலாம், ஆனால் கிளானில் சேர்ந்தால் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, கேட்டு வாங்குவது. "எனக்குப் படை வேணும்" என்று ஒரு பொத்தானை அமத்தினால், மற்றவர்கள் கொஞ்சம் தரலாம். இரண்டாவது, கிளான் போர். 2014இல் வந்தது. ஐந்தின் மடங்காக ஆட்களைச் சேர்த்து இன்னொரு கிளானோடு மோதுவது. வெள்ளி இரவு பத்து மணிக்கு நான் தொடங்கி வைத்தால் 23 மணித்தியாலம் ஆயத்தம், பிறகு சனி இரவு ஒன்பதிலிருந்து 24 மணித்தியாலம் போர். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாக்குதல்தான். நீங்கள் அடிக்காமல் விட்டால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரியும்.

நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ட்ராவியன் என்று ஒரு ஜெர்மன்காரரின் விளையாட்டு இருந்தது. இணைய உலாவியில் விளையாடுவது, ஒரு கூட்டணியில் அறுபது பேர் வரை இருக்கலாம். எதிரி விடிய மூன்று மணிக்கு வருவான் என்றால் மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். நித்திரை கொள்ள ஆசைப்பட்டால் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை அதிகாரபூர்வமாகவே நியமிக்க வசதி வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டணித் தலைவர்கள் எழுதுகிற கடிதங்களைப் பார்த்தால் ஏதோ இராணுவத் தலைமையகம் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படி ஒன்று நடத்த விருப்பம் இருக்கவில்லை. சின்னதாக, சிநேகிதமாக, ஒருவருடைய நித்திரையையும் கெடுக்காமல் என்றுதான் இதை ஆரம்பித்தேன். சிநேகிதமாக நடத்துவதுதான் கூடக் கஷ்டம் என்பது போகப் போகத்தான் விளங்கினது.

மருமகன் கதைக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் நாலு தரம்: தலைவர், துணைத் தலைவர், மூத்தவர், சாதாரண உறுப்பினர். பிரெஞ்சு மொழியில் வைத்து விளையாடினால் மூன்றாவது தரத்துக்கு 'எய்னே' என்று வரும், வீட்டில் மூத்த பிள்ளைக்குச் சொல்கிற அதே சொல். அக்காவின் இளைய மகன் நல்லாக விளையாடுகிறான், கேட்கிறவர்களுக்கெல்லாம் படை கொடுக்கிறான் என்று பன்னிரண்டு வயதில் அவனை எய்னே ஆக்கினோம். அம்மாவுக்குச் சிரிப்பு. "கடைசிப் பெடியன் மூத்தவனாயிட்டான்" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார்.

மூத்தவருக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது, சாதாரண உறுப்பினரை வெளியே போடலாம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பட்டியலைப் பார்த்து, வாங்கினது அதிகம் கொடுத்தது பூச்சியம் என்று இருந்த ஒருவரை அவன் தூக்கிவிட்டான். அந்த ஒருவர் அவனுடைய பெரியமாமா. அக்காவுக்கும் எனக்கும் அண்ணன் முறை, வயது நாற்பத்தாறு, இரவு வேலை. காரணம் எழுதுகிற இடத்தில் பிரெஞ்சில் 'கொடுக்கிறதில்லை' என்று வேறு எழுதியிருக்கிறான்.

மாமா இரண்டு கிழமை அக்கா வீட்டுக்கு வரவில்லை. கேமுக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள்: வந்த காலத்தில் எங்கள் எல்லாருக்கும் ரிக்கெற் காசு கொடுத்த மனுசன். 'கொடுக்கிறதில்லை' என்ற சொல்லை அவர் எந்தக் காதால் வாசித்திருப்பார்? பெடியனுக்கு அந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவனுக்கு முன்னால் இருந்தது ஒரு பட்டியலும் இரண்டு நிரலும், கொடுத்தது எவ்வளவு, வாங்கினது எவ்வளவு என்று.

எனக்கு வேலையே எண்களைத் திரையில் காட்டுவதுதான். ஒரு எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டால் பார்க்கிறவர் அதைக் குணச் சான்றிதழாக எடுத்துக்கொள்வார். ஏன் குறைவு என்பதற்கு அங்கே நிரல் இல்லை. மாமா வேலை முடிந்து விடியக் காலையில் ட்ராமில் வரும்போது பதினைந்து நிமிடம் விளையாடுவார். அந்த நேரம் எங்களில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதவனுக்கு எப்படிக் கொடுக்கிறது?

அன்றிலிருந்து ஒரு விதி: போன் எடுத்துக் கதைக்காமல் ஒருவரையும் நீக்குவதில்லை. சாட்டில் எழுதுவது காணாது, குரல் கேட்க வேண்டும். மருமகனும் போன் எடுத்தான், மாமாவும் வந்தார். என்ன கதைத்தார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. விதி வந்த பிறகு மூன்று பேர் தாங்களாகவே விலகினார்கள், நீக்கப்பட்டவர் எவரும் இல்லை. போரில் நிற்க ஏலாதவர்கள் தங்கள் பெயரில் சிவப்புப் பொத்தானைப் போட்டுவிட்டால் போதும், காரணம் கேட்பதில்லை.

பிறகு லீக். மாதத் தொடக்கத்தில் எட்டு கிளான்கள் ஒரு குழுவாகி, ஏழு நாள் ஏழு போர். முடிந்ததும் மேலதிகப் பதக்கங்களை ஒரு சிலருக்கு மட்டும் கொடுக்கலாம். ஆருக்கு என்பதைத் தலைவர்தான் தீர்மானிக்க வேண்டும். கோயில் திருவிழாவில் காளாஞ்சி ஆருக்கு முதலில் போனது என்று மூன்று தலைமுறை கதைக்காமல் இருக்கிற ஆட்களின் பரம்பரையில் வந்தவன் நான். அந்தத் தட்டை என் கையில் தந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ஆகவே சீட்டு மாதிரி ஆக்கினேன். இந்த மாதம் இன்னார், அடுத்த மாதம் இன்னார் என்று வரிசை. எத்தனை நட்சத்திரம் எடுத்தார் என்பது கணக்கில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்கத் தேவையில்லை. எங்களில் மிகத் திறமான ஆள் லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகள். அப்போது பதினேழு வயது. ஒவ்வொரு தாக்குதலையும் முன்பே படம் கீறி யோசித்து அடிக்கிற பிள்ளை. "அண்ணா, நான் ஏழு நாளும் மூன்று நட்சத்திரம் எடுத்தன், பதக்கம் ஒரு நாளும் சரியா அடிக்காத ஆளுக்குப் போகுது" என்றாள். நியாயம்தான். வரிசையை மாற்றமாட்டேன் என்றேன். அவள் வேறு பெரிய கிளானுக்குப் போனாள், ஒரு சண்டையும் இல்லாமல். நாங்கள் தங்க லீக்குக்கும் கிறிஸ்ரல் லீக்குக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். வெல்ல வேண்டும் என்ற ஆசை உள்ள பிள்ளையை இப்படியான இடத்தில் பிடித்து வைப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏன் அந்த வரிசையில் பிடிவாதமாக நின்றேன் என்பதற்குக் காரணம் 2022. அந்த வருடம் மார்ச்சில் இலங்கையில் டொலர் இல்லாமல், எரிபொருள் இல்லாமல், மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வந்தது. எங்கள் போர்ப் பட்டியலில் யாழ்ப்பாணத்து ஐந்து பேரின் பெயருக்கும் பக்கத்தில் பூச்சியம். ஸ்காபரோவில் இருக்கிற பெடியன் ஒருவன், பதின்மூன்று வயது, தமிழ் கேட்டால் விளங்கும் கதைக்க வராது, "அடிக்காதவர்கள் ஏன் கிளானில் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் எழுதினான். நான் அதட்டவில்லை. கரண்ட் இல்லை, போனைச் சார்ஜ் பண்ண ஏலாது என்று மட்டும் எழுதினேன்.

அவன் தன்பாட்டில் தேடியிருக்கிறான். அங்கே மின்வெட்டு நேரத்தை ஊர் ஊராக, ஆங்கில எழுத்துகளால் குழு பிரித்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து பேரும் எந்தெந்தக் குழு என்று ஒவ்வொருவராகக் கேட்டு, எந்த நேரம் ஆருக்குக் கரண்ட் இருக்கும் என்று ஒரு அட்டவணை போட்டு எனக்கு அனுப்பினான். "போரை இரண்டு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினால் ஐந்து பேரும் அடிக்கலாம்." அவன் யாழ்ப்பாணத்தைக் கண்டதே இல்லை. அந்தக் கிழமை தொடங்கி அவன் சொன்ன நேரத்துக்குத்தான் நான் போர் தொடங்கினேன். அதில் வென்றோமா தோற்றோமா என்பது எனக்கு இப்போது நினைவில் இல்லை.

ஏப்ரல் 2ஆம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் ஆறு மணியிலிருந்து அங்கே ஊரடங்கு. நடுச்சாமத்துக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது. இங்கே எங்களுக்கு இரவு ஒன்பது மணி அளவு. அம்மா தன் அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்கு, வட்ஸ்அப்பில் எடுக்கிறார், போகவில்லை. நேரடியாக எடுத்தோம், மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள் இல்லை. விபிஎன் போட்டுக் கதைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்தான், பெரியம்மா வீட்டில் இல்லை. அம்மாவுக்கு ஊரடங்கு என்ற சொல்லைக் கேட்டாலே பழைய ஞாபகம் எல்லாம் வரும். குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குக் கிளான் சாட்டில் பெரியம்மாவின் மகன் எழுதினான். கேமை முடக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லைப் போல. "அண்ணா, வட்ஸ்அப் வேலை செய்யேல்லை. எல்லாரும் வீட்டிலைதான். அம்மா படுத்திட்டா. ரெண்டு பலூன் தாங்கோ." அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தக் கேமுக்காக என்னை வருடக்கணக்காகப் பேசின மனுசி, போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "பலூன் எண்டால் என்ன? இருந்தால் குடன் அவனுக்கு" என்றார்.

அண்மையில் ஒரு பெரிய கிளான், அதுவும் எங்கடை ஆட்களுடையதுதான், தங்களோடு வந்து சேரச் சொல்லிக் கேட்டது. ஒரு கிளானில் ஐம்பது பேர் வரை இருக்கலாம், அவர்களிடம் இருபத்தைந்து இடம் காலி. எங்கள் பியர்ஃபித்தே 2025 சனவரியிலிருந்து சென்-தெனியோடு ஒரே நகரமாகிவிட்டது, நீங்கள் மட்டும் ஏன் யோசிக்கிறீர்கள் என்று பகிடி விட்டார்கள். அவர்களின் விதிகளை வாசித்தேன். இரண்டு போரில் அடிக்காவிட்டால் தானாகவே வெளியே. வேண்டாம் என்று எழுதிவிட்டேன், மரியாதையாகத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒன்று தொடங்க யோசித்தால் சில நடைமுறை விஷயங்கள். கிளானை 'அழைப்பு மூலம் மட்டும்' என்று வையுங்கள், முன்பின் தெரியாதவர் கேட்காமல் நுழைய ஏலாது. முந்தி உலகம் முழுக்க ஆரும் ஆரோடும் கதைக்கிற பொதுச் சாட் ஒன்று இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள், பெற்றோருக்கு அது நல்ல செய்தி. போனில் காசு கட்டுகிற வசதிக்குக் கடவுச்சொல் போட்டு, அந்தச் சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். ஜெம் என்கிற பச்சைக் கல்லு வாங்கச் சொல்லிக் கேம் கேட்டுக்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளையளுக்குப் பழக்குவதற்குச் 'சிநேகிதச் சவால்' என்று ஒன்று உண்டு, ஒருவர் ஊரை ஒருவர் அடித்துப் பார்க்கலாம், ஒன்றும் குறையாது. லாச்சப்பலில் பெரியவர்கள் மரக்கறி தெரிவு செய்து முடிக்கிற நேரத்துக்கு இரண்டு சவால் முடியும். சாட்டில் விளையாட்டுப் பெயரை விட்டு அண்ணா, அக்கா, மாமா என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளையளில் பாதிப் பேருக்கு ஆர் தங்களுக்கு என்ன முறை என்பது அதில்தான் பாடமானது.

எங்களுக்கு அடுத்த போர் வருகிற சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. யாழ்ப்பாணத்தில் அப்போது ஞாயிறு பன்னிரண்டரை, ஸ்காபரோவில் சனி பின்னேரம் மூன்று. மருமகன் இந்த முறை சிவப்பில் நிற்கிறான், பக்கின் பிரெஞ்சுச் சோதனையாம். அவனுடைய இடத்தில் பெரியமாமா வருகிறார்.