திரையரங்கம் யாருக்கு?

இந்தியத் திரையரங்குகளில் இன்று பெரும்பாலும் இளைஞர்களே காணப்படுகின்றனர். பேரக்குழந்தைகளோடு வந்த முதியோரும், பகற்காட்சிகளை நிரப்பிய பெண்களும் தொலைக்காட்சியோடும் கைபேசியோடும் நின்றுவிட்டனர். இது தலைமுறைகளின் ரசனை மாற்றம், ஓடிடி தளங்களின் விளைவு என்று திரைத்தொழில் முதலாளிகள் விளக்கம் கூறுகின்றனர்.

அவ்விளக்கத்தை 2022 செப்டம்பர் 23 அன்று அவர்களே பொய்ப்பித்தனர். தேசிய சினிமா நாள் என்ற பெயரில் அன்று நாடெங்கும் ரூ.75க்கு நுழைவுச்சீட்டு விற்கப்பட்டது. காலை 6 மணிக்கே அரங்குகள் நிரம்பின. எல்லா வயதினருமாக 65 லட்சம் பேர் வந்ததாக மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்களின் சங்கமே அறிவித்தது. மக்களின் ரசனை ஒரே நாளில் மாறிவிடவில்லை; விலைதான் மாறியது.

1997இல் தில்லி சாக்கேத்தில் நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறக்கப்பட்டது. அதன்பின் ஒற்றைத்திரை அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சினிமா பேரங்காடிக்குள் குடியேறியது. 2023இல் இத்துறையின் இரு பெரும் நிறுவனங்கள் ஒன்றாயின. போட்டி விலையைக் குறைக்கும் என்றவர்கள் ஏகபோகத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இங்கே வயது இடைவெளியாகத் தோன்றுவது உண்மையில் வர்க்க இடைவெளி. மணமாகாத இளைஞர் ஒரு சீட்டு வாங்கினால் போதும். ஐவர் கொண்ட தொழிலாளி குடும்பத்துக்கு ஐந்து சீட்டுகளும் போக்குவரத்துச் செலவும் வேண்டும். அங்கே முதலில் விட்டுக்கொடுப்பவர்கள் தாயும் பாட்டியும்தான். 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் மாத ஓய்வூதியப் பங்கு வெறும் ரூ.200. பெருநகரில் வார இறுதிக் காட்சி ஒன்றுக்கே அது போதாது.

2025 செப்டம்பரில் ரூ.100 வரையிலான சீட்டுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பேரங்காடி அரங்குகளில் அவ்விலையில் எத்தனை இருக்கைகள் உண்டு? அதே ஆண்டில் கர்நாடக அரசு ரூ.200 என உச்சவரம்பு விதித்தபோது, மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றன.

கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தானே திரையரங்குகளை நடத்திவருகிறது. மற்ற மாநிலங்களும் அவ்வழியில் சிறு நகரங்களில் பொதுத்துறை அரங்குகளை அமைக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்துக்குச் சட்டப்பூர்வ உச்சவரம்பும், முதியோருக்குச் சலுகையும் தேவை. இவற்றின் சுமை அரங்குத் தொழிலாளரின் ஊதியத்தின் மீது விழாதிருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

அரிசி விலைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் போராடும் நமது கிளைகள் இக்கோரிக்கையைச் சிறியதெனக் கருதலாகாது. உழைத்துக் களைத்த மனிதர் தம் குடும்பத்தோடு கூடி மகிழும் உரிமையும் வாழ்வுரிமையின் பகுதியே.