விமானத்தில் ஆட்டிசக் குழந்தைகளுக்கும் இடம் உண்டு



2022 மே 7ஆம் தேதி, இந்தியாவின் ராஞ்சி விமான நிலையத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு சிறுவனை ஏற்ற இண்டிகோ விமான நிறுவனம் மறுத்தது. அவன் பதற்றமாக இருந்தான் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதே விமானத்தில் பயணிக்கவிருந்த மருத்துவர்கள் துணைக்கு வருவதாகச் சொல்லியும் ஊழியர்கள் இணங்கவில்லை. பெற்றோரும் பயணத்தைக் கைவிட்டனர். அதே மாதம் இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பரிவோடு நடத்தியிருந்தால் சிறுவன் அமைதியாகியிருப்பான் என்றும் கண்டித்தது.

ஆட்டிசக் குழந்தைகளுக்கும் இப்படி நேரலாம். பாதுகாப்புச் சோதனையில் காதடைப்பானைக் கழற்றச் சொன்னதும் ஆட்டிசக் குழந்தை தரையில் உட்கார்ந்து வீறிடலாம். பார்ப்பவர்கள் பிடிவாதம் என்பார்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்காத தவிப்பு அது.

இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையம் 2016இல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடையாளம் காண உதவும் சூரியகாந்திக் கழுத்துப்பட்டையை அறிமுகப்படுத்தியது. நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் (கேஎல்ஐஏ) இத்தகையோருக்கான 'பட்டர்ஃபிளை எஃபெக்ட்' திட்டம் உண்டு. தாப்பாவிலிருந்து புறப்படும் பெற்றோருக்கு அது தெரிந்தால்தானே பயன்?

டிக்கெட் பதியும்போதே குழந்தைக்குச் சிறப்புத் தேவை உண்டா என்று விமான நிறுவனங்கள் கேட்டு வைக்க வேண்டும். வரிசையில் காக்க வைக்காமல் ஏற்றுவது, தாமதமானால் உடனே சொல்வது, முகப்பு ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது ஆகியவற்றையும் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர்,
தாப்பா, பேராக்