கூடத்துக்குள் ஒரு மின்னல்

ஹற்றனிலிருந்து சகோதரி ஒருவர் எமக்கு நீண்ட கடிதமொன்று வரைந்துள்ளார். அவருடைய தந்தையாருக்கு வயது எண்பத்திரண்டு. முழங்கால் வாதத்தினால் படியிறங்க இயலாதவர். கனடாவிலே வாழும் மூத்த மகன் வருகிற டிசம்பரில் ஒன்பது நாள் விடுமுறையில் வருகிறார். "அப்பாவின் நல்ல படமென்று வீட்டில் ஒன்றுமில்லை. அடையாள அட்டையில் இருப்பதுதான் உண்டு; அதில் அவரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை" என்கிறார் சகோதரி. தமையனார் முன்னொரு முறை விட்டுச் சென்ற கமரா கைவசம் இருக்கிறது. ஸ்ரூடியோ பிளாஷ் விளக்குகள் இரண்டும் குடைகளும் தாங்கிகளும் சேர்ந்த தொகுதியொன்றைக் கடையிலே மலிவாகத் தருகிறார்களாம். வாங்கலாமா, வாங்கினால் அதை எவ்வாறு பயன்படுத்துவது என்று கேட்கிறார்.

இக்கடிதத்துக்கு விரிவாகவே விடையளிக்க விரும்புகிறோம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எமது வீட்டு அல்பங்கள் யாவும் போயின. தந்தையாரின் முகம் என்று இன்று எம்மிடம் எஞ்சியிருப்பது, ஒரு கலியாணக் கூட்டப் படத்தின் பின்வரிசையிலே அரை முகம் மாத்திரமே. ஆகவே, பெரியவர்களை உள்ளபோதே நன்றாகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்களிடத்தில் எமக்குத் தனிப்பட்ட பரிவு உண்டு. அதற்கு மேலாக, இந்த விளக்கு விஷயத்தில் நாம் பணம் கொடுத்துப் பாடம் படித்தவர்கள்.

விளக்கை வாங்குமுன் ஜன்னலைப் பாருங்கள். போகவந்தலாவையிலே, ஹற்றனுக்கு அண்மையில், ஒரு தேவாலயத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாரின் கல்லறை இருக்கிறது. 1863இல், தமது நாற்பத்தெட்டாவது வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கியவர் அவர். இங்கிலாந்திலே வைற் தீவில் இருந்த தம் வீட்டின் கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டையே ஸ்ரூடியோவாக்கிக்கொண்டார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். உலகப் புகழ்பெற்ற அவருடைய முகப்படங்கள் யாவும் வெறும் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. ஆனால் அவர் முன் அமர்ந்தவர்கள் நிமிடக் கணக்கில் அசையாது இருக்க வேண்டியிருந்தது. இன்றைய கமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. தந்தையாரை மட்டும் தனியாக எடுப்பதானால், காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேரே விழாத ஜன்னலின் அருகே நாற்காலியைப் போட்டால் போதும். ஒரு சதமும் செலவில்லை.

எனினும் டிசம்பர் மாதத்து மலைநாட்டை நாம் அறிவோம். மழையும் மூட்டமுமாக நாலு நாள் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால், வந்த மகன் திரும்பிப் போய்விடுவார். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துப் பத்துப் பேரை ஒரு ஜன்னலால் ஒளியூட்டவும் இயலாது. எனவே விளக்குக்கு நியாயம் இருக்கிறது. பெரியவரின் கை நடுங்கினாலும், குழந்தை தலையை ஆட்டினாலும், பிளாஷின் ஒளி ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கு செக்கனே நீடிப்பதால் படம் கலங்காது. 1931இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே ஹரால்ட் எட்ஜெர்ட்டன் என்பவர் சுழலும் மோட்டார்களை ஆராய்வதற்கென்று விருத்தி செய்த மின்னொளிக் கருவியின் வழியில் வந்தவையே இன்றைய இவ்விளக்குகள்.

இனி, கடைக்காரரிடம் முதலாவதாகக் கேட்க வேண்டியது, இது உண்மையிலேயே பிளாஷ்தானா என்பதை. ஸ்ரூடியோ விளக்கு என்ற பெயரில், ஓயாது எரியும் மின்குமிழ்த் தொகுதிகளும் விற்பனையாகின்றன. அவற்றின் ஒளி கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். கமராவுக்கோ மிக அற்பம். ஆனால் கைத்தொலைபேசியால் படமெடுப்பவர்களுக்கு அந்த எரியும் விளக்குத்தான் பொருந்தும். பெரும்பாலான தொலைபேசிகளோடு ஸ்ரூடியோ பிளாஷை இசைந்து மின்னச் செய்ய இயலாது. சகோதரியிடம் கமரா இருப்பது நல்லதாயிற்று. அதன் தலையில் பிளாஷ் பொருத்தும் உலோகத் தடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது வலு. இங்கேதான் நாம் ஏமாந்தோம். எம்மை ஏமாற்றியது எமது ஆசையே. பிளாஷின் வலுவை வாற் செக்கன் என்ற அளவால் குறிப்பார்கள். பாடப்புத்தகத்து யூல் என்பதும் அதுவே. பெரிது எப்போதும் நல்லது என்றெண்ணி 400 வாற் செக்கன் விளக்குகள் இரண்டை வாங்கி வந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்திலே நிறுத்தினோம். எட்டிலொரு பங்குக்குக் கீழே அவை இறங்கமாட்டா. எட்டிலொரு பங்கு என்றால் 50 வாற் செக்கன். ஒரு மீற்றர் தூரத்தில் அமர்ந்திருந்த பெரியம்மாவுக்கு அது கோடையிடி. படத்திலே மூக்குத்தியும் இரண்டு கண்களும் தவிர ஏனையவை வெள்ளைக் கடதாசி. வெளிச்சத்தைக் குறைக்கப் பழைய சேலைத் துணியொன்றை விளக்கின்மேல் போர்த்தினோம். உள்ளே எரிந்துகொண்டிருந்த வழிகாட்டி மின்குமிழ் துணியைக் கருக்கிப் புகைய வைத்தது. துணி போர்த்தும் யோசனை யாருக்கேனும் தோன்றினால் அதை அங்கேயே கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆகையால் வீட்டுக்கு வலுப் பெரிதா என்று கேளாதீர்கள். எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேளுங்கள். 200 வாற் செக்கன் விளக்கொன்று, முப்பத்திரண்டிலொரு பங்குவரை இறங்குவது, சாதாரண வீட்டுக்குத் தாராளம். இரண்டு வேண்டாம். இரண்டாவது விளக்குக்கான பணத்தை நல்ல தாங்கிக்கும், ஒரு மீற்றர் அகலமான வெள்ளைக் குடைக்கும், கமராவிலிருந்து கம்பியின்றி விளக்கை மின்னச் செய்யும் சிறு கருவிக்கும் செலவிடலாம். உபகரணங்கள் பூட்டும் வாய் போவன்ஸ் முறையிலானதா என்றும் பார்க்கவேண்டும். அந்தப் பிரித்தானியக் கம்பனி 2017இல் மூடப்பட்டாலும், அதன் பூட்டு முறையைப் பல கம்பனிகள் எடுத்துக்கொண்டுள்ளன. பிற்பாடு எதை வாங்கினாலும் பொருந்தும்.

பழைய விளக்கு வாங்குவோர் அதைக் கடையிலேயே முழு வலுவில் இருபது முறை மின்னச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும். படங்கள் ஒன்று வெளிறியும் ஒன்று இருண்டும் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடலாம். பிளாஷ் குழாய் கறுத்திருந்தாலும் அவ்வாறே. மிகப் பழைய சில விளக்குகள் கமராவின் இணைப்புக்குள் 200 வோல்றுக்கு மேலான அழுத்தத்தைச் செலுத்தி அதைப் பழுதாக்கக்கூடியவை. அவற்றைக் கம்பியால் நேரே கமராவில் பொருத்தவே கூடாது.

கொண்டுவந்தாயிற்று. குடையை விரித்து, பெரியவருக்கு ஒரு மீற்றர் தூரத்தில், முகத்துக்குச் சற்று ஒரு பக்கமாக, கண்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, விளக்கின் ஒளி குடைத்துணியை ஊடுருவி வருமாறு நிறுத்துங்கள். குடை அருகே வர வர அதன் ஒளி மென்மையாகும். தூரப் போகப் போக நிழல்கள் கத்திபோலாகும். புதியவர்கள் பலர், பாவம், வெளிச்சம் உறைக்கிறதே என்று விளக்கைத் தூர நகர்த்துகிறார்கள். நகர்த்த வேண்டாம், வலுவைத் தாழ்த்துங்கள். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை நாற்காலியிலே விரித்துவிட்டால் இரண்டாவது விளக்கின் வேலையை அது செய்துவிடும். சுவர் பச்சை நிறமென்றால் பெரியவரின் கன்னமும் பச்சையாகும். சுவரை விட்டு நகர்ந்திருக்கட்டும்.

கமராவைக் கைமுறையில் வைத்து ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 125இலொரு செக்கன், துவாரம் எஃப் 8 என்று தொடங்கலாம். விளக்கை மின்னச் செய்யாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக வரவேண்டும். வந்தால், கூடத்து மின்குமிழின் மஞ்சள் நிறம் முகத்தில் கலக்காது என்பது உறுதி. அதன்பின் விளக்கோடு எடுங்கள். படம் வெளிறினால் துவாரத்தைச் சுருக்குங்கள், அல்லது விளக்கின் வலுவைத் தாழ்த்துங்கள். ஷட்டரைத் திருகிப் பயனில்லை. மின்னல் அதனினும் விரைவானது. பெரும்பாலான கமராக்களில் 200 அல்லது 250க்கு மேலே ஷட்டரை விரைவாக்கினால் படத்தின் ஒரு பகுதியில் கறுப்புப் பட்டை விழும்; கமரா பழுதென்று அஞ்ச வேண்டாம். மலிவு விளக்குகளில் இன்னொரு குணமும் உண்டு. வலுவைத் தாழ்த்தியபின் பரிசோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, உள்ளே சேர்ந்திருக்கும் பழைய மின்னைக் கழித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த படம் வெளிறிப்போகும். நாம் இதனை அறிய ஒரு மாதம் பிடித்தது.

குடும்பப் படத்துக்குக் கணக்கு மாறும். தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும் என்பது விதி. விளக்கிலிருந்து ஒரு மீற்றரில் தந்தையாரும் இரண்டு மீற்றரில் கடைசிப் பேரனும் நின்றால், பேரனுக்கு நாலிலொரு பங்கு ஒளியே கிட்டும். விளக்கைப் பின்னுக்கிழுத்து முதல்வருக்கு மூன்று மீற்றர், கடைசியானவருக்கு நாலு மீற்றர் என்றாக்கினால், வேறுபாடு இரண்டு மடங்கிலும் குறைந்துவிடும். குடை தூரப் போனதால் மென்மை சற்றுக் குறையும். பத்துப் பேரும் ஒரே சீராகத் தெரிவதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 200 வாற் செக்கன் தேவைப்படுவதும் இங்கேதான்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். குடை பாய்மரமாகித் தாங்கியோடு சாயும். கூடத்திலே வயோதிபர் இருக்கும்போது அது விளையாட்டல்ல. ஐந்து கிலோ அரிசிப் பையொன்றைத் தாங்கியின் காலில் கட்டித் தொங்கவிடுவது எமது வழக்கம். விளக்கின் உடலைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்பும் உள்ளேயுள்ள கண்டென்சரில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். றேடியோ திருத்தத் தெரிந்த மருமகன் என்றாலும் அனுமதியாதீர்கள்.

சகோதரி ஒத்திகையை நவம்பரிலேயே பார்த்துவிடவேண்டும். அப்பாவை இருத்த வேண்டாம்; அதே நாற்காலியில் அயல்வீட்டுப் பையன் எவனையாவது இருத்தி அளவுகளை ஒரு தாளில் குறித்து, விளக்கும் நாற்காலியும் நின்ற இடங்களைத் தரையிலே சோக்கால் அடையாளமிட்டு வைத்தால், உரிய நாளில் பெரியவரைப் பத்து நிமிடத்துக்கு மேல் வருத்த வேண்டியிராது. மூக்குக்கண்ணாடியை அவர் கழற்ற வேண்டாம். வீட்டார் அறிந்த முகம் கண்ணாடியோடுள்ள முகந்தானே! கண்ணாடியிலே குடையின் வெள்ளை தெரிந்தால் விளக்கை இன்னும் உயர்த்தி, கண்ணாடியின் காதுக்கம்பிகளைக் காதுக்கு மேலே சிறிது தூக்கிவிடுங்கள். முகத்துக்குப் பவுடர் பூசும் பழைய ஸ்ரூடியோ வழக்கத்தையும் விட்டுவிடலாம். பிளாஷ் ஒளியில் அது சாம்பல் பூசியதுபோல் தெரியும். நெற்றி வியர்வையைக் கைலேஞ்சியால் ஒற்றி எடுத்தால் போதுமானது.

எமது பெரியம்மா பவுடர் இல்லாமல் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். முதலில் பவுடரோடு மூன்று படங்கள் எடுத்து அவரைத் திருப்திப்படுத்தி, முகம் கழுவி வந்தபின் நாலாவதை எடுத்தோம். அந்த நாலாவதைத்தான் அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பவுடர்ப் படமே அழகு என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹற்றன் சகோதரி எடுக்கும் படம் எத்தனையாவது தடவையில் சரிவந்தது என்பதை ஜனவரியில் எமக்கு எழுதுவாராக.